கரையும், கரையாது என்று எழுதினால் போதுமா?

பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. அந்த உப்பு விளைகின்ற தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். பள்ளிக்கு வரும் வழியில் பேருந்தின் சன்னல் வழியே உப்பளங்களையும், வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை அம்பாரங்களையும், மழைக்குப் பயந்து ஓலை போட்டு மூடிய குவியல்களையும் நாள்தோறும் பார்க்கிறோம். ஆயினும் காலாண்டுத் தேர்வில் "தெவிட்டிய கரைசல் என்றால் என்ன? ஓர் எடுத்துக்காட்டுத் தருக" என்று கேட்டபோது, எங்கள் வகுப்பின் நாற்பத்தெட்டுப் பேரில் ஒருவர்கூட உப்பளத்தைப் பற்றி எழுதவில்லை. நோட்டில் எழுதிப்போட்ட எடுத்துக்காட்டையே எழுத்துப் பிசகாமல் எழுதிவைத்தோம். இரண்டு மதிப்பெண் கிடைத்தது. கிடைத்த பிறகுதான் வெட்கமும் வந்தது.

அந்த வெட்கத்தைக் கொடுத்தவள் எங்கள் தோழி ஒருத்தி. அவள் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அவளுடைய அம்மா பல ஆண்டுகளாக உப்பளத்தில் வேலை செய்கிறார். விடைத்தாள் கொடுத்த அன்று எங்கள் வேதியியல் ஆசிரியை, "உங்களில் யாருக்காவது உப்பு எப்படி விளைகிறது என்று தெரியுமா?" என்று கேட்டார். "கடல் நீர் காய்ந்தால் உப்பு வரும்" என்று பலர் ஒரே குரலில் சொன்னோம். அவள் மட்டும் எழுந்து, "வெறுமே காயவிட்டால் நல்ல உப்பு வராது டீச்சர். முதலில் வேறு ஒன்று இறங்கும். அதை முந்தின பாத்தியிலேயே விட்டுவிட்டு, தண்ணீரை மட்டும் அடுத்த பாத்திக்குத் திறக்க வேண்டும்" என்றாள். அந்தப் பாடத்தில் அவள் வாங்கியிருந்தது பத்துக்கு மூன்று!

அவள் சொன்னதையும் ஆசிரியை விளக்கியதையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றுள் நாம் சமையலில் போடும் சோடியம் குளோரைடு ஏறத்தாழ 27 கிராம். மீதியில் மக்னீசிய உப்புகள், கால்சிய உப்புகள் முதலானவை அடங்கும். நம் ஊர் அளங்களில் கடல் நீரோடு நிலத்தடி உப்பு நீரையும் இறைத்துப் பாய்ச்சுகிறார்கள். பாத்திகளில் நீர் ஆவியாக ஆவியாக மிஞ்சியிருக்கும் நீர் குறைகிறது, கரைந்திருப்பவை நெருக்கப்படுகின்றன. யாருக்கு நீரில் இடம் குறைவோ அவர் முதலில் வெளியேற வேண்டியதுதான். கால்சியம் கார்பனேட்டும், அதன் பின் கால்சியம் சல்பேட்டாகிய ஜிப்சமும் முதலில் படிகின்றன. ஜிப்சம் ஒரு லிட்டர் நீரில் இரண்டு கிராம் அளவே கரையும் பொருள். அது நெடுநேரம் தாங்காது. சோடியம் குளோரைடோ ஒரு லிட்டரில் 360 கிராம் வரை கரையும். ஆகவே கடல் நீர் சுமார் பத்திலொரு பங்காகச் சுண்டும் வரை அது கரைசலிலேயே இருக்கும். அதற்குப் பின்னரே பாத்தியின் தரையில் உப்பு பூக்கத் தொடங்கும்.

கண்ணாடி மானியை நீரில் மிதக்கவிட்டு "டிகிரி" பார்க்கிறார்கள். பாமே என்பவர் பெயரால் வழங்கும் அளவு அது. கடல் நீர் மூன்று டிகிரி அளவில் இருக்கும். 25 டிகிரியை எட்டும்போது உப்பு விழும். 29, 30 டிகிரிக்கு மேல் போனால் மிஞ்சிய நீரை வெளியே விட்டுவிட வேண்டும். ஏன்? அதில் மக்னீசிய உப்புகள் மிகுந்திருக்கும். அவை கசப்பானவை, காற்றின் ஈரத்தை உறிஞ்சுபவை. மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடி கசிந்து சொதசொதவென்று ஆகிறதே, அதற்குப் பெரும்பாலும் உப்போடு ஒட்டிவந்த மக்னீசியம் குளோரைடே காரணம். பழகிய கையும் கண்ணும் உடையவர்கள் மானி இல்லாமலேகூட நீரின் பதத்தை மதிப்பிட்டுவிடுவார்களாம்.

இவற்றையெல்லாம்விட எங்களைத் திகைக்க வைத்தது வேறொன்று. வாரி எடுத்த உப்பில் மண்ணும் அழுக்கும் இருக்குமே, அதை எப்படிக் கழுவுவார்கள் என்று ஒருத்தி கேட்டாள். நல்ல தண்ணீரில் என்று நாங்கள் நினைத்தோம். எங்கள் தோழி சிரித்துவிட்டாள். "நல்ல தண்ணீரில் கழுவினால் உப்பு போய்விடாதா? பாத்தியில் இருக்கும் உப்புத் தண்ணீரில்தான் அலச வேண்டும். அந்தத் தண்ணீருக்கு ஏற்கெனவே வயிறு நிறைந்திருக்கிறது" என்றாள். தெவிட்டிய கரைசல் என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கத்தை நாங்கள் எந்த நோட்டிலும் படித்ததில்லை. இதை அவள் விடைத்தாளில் ஏன் எழுதவில்லை? "அது பாடம் என்று எனக்குத் தெரியாதே" என்றாள்.

எங்கள் கருத்து இதுதான். கரைதிறன் என்ற பாடத்தைக் கரையும், கரையாது என்ற இரண்டு சொற்களாகச் சுருக்கி நாங்கள் மனப்பாடம் செய்வது அப்பாடத்தைப் படித்ததாகாது. எவ்வளவு நீரில், எந்த வெப்பநிலையில், எத்தனை கிராம் என்னும் மூன்றையும் சொல்லாத விடை அரைகுறை விடையே. முழு மதிப்பெண் கிடைத்துவிட்டதாலேயே அது முழு விடையாகிவிடாது.

இதைச் சோதித்துப் பார்க்க ஆசிரியையிடம் அனுமதி பெற்று ஒரு சனிக்கிழமை காலை ஆய்வகத்தில் கூடினோம். இருந்த தராசுகள் இரண்டே. ஆகவே கல்லுப்பை ஐந்தைந்து கிராமாக முன்கூட்டியே நிறுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டோம். ஒவ்வொரு குழுவுக்கும் 100 மில்லிலிட்டர் நீர். முதல் நான்கு பொட்டலம் விரைவில் கரைந்தது. ஐந்தாவதிலிருந்து கை வலித்தது. ஒரு குழு ஆறாவது பொட்டலத்தோடு "இனிக் கரையாது" என்று அறிவித்துவிட்டது. இன்னொரு குழு உப்பைக் கல்வத்தில் பொடித்துப் போட்டுவிட்டு, "பொடியுப்பு அதிகம் கரைகிறது" என்று வாதாடியது. அரை மணி நேரம் பொறுமையாகக் கலக்கிய பிறகு எல்லாக் குழுவுக்கும் ஒரே முடிவுதான்: ஏழு பொட்டலம் கரைந்தது, எட்டாவது அடியில் தங்கியது. பாடநூல் அட்டவணை தரும் 36 கிராம் என்பதற்கு எங்கள் கணக்கு வெகு தொலைவில் இல்லை.

பொடிப்பதும் கலக்குவதும் விரைவைக் கூட்டும், அளவைக் கூட்டா. இந்த ஒரு வேறுபாட்டை நாங்கள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து தவறாகவே எழுதிவந்திருக்கிறோம்.

சூடாக்கினால் நிறையக் கரையும் என்பதும் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் விடை. எட்டாவது பொட்டலம் கிடந்த பீக்கரை அடுப்பில் வைத்துக் காத்திருந்தோம். கொதிநிலையை நெருங்கியும் அடியில் சிறிது உப்பு கிடந்தது. பிறகு அட்டவணையைப் பார்த்தோம்: 100 கிராம் நீரில் சோடியம் குளோரைடு பூச்சிய டிகிரி செல்சியசில் 35.7 கிராம், 100 டிகிரியில் 39 கிராம். பனிக்கட்டியின் குளிரிலிருந்து கொதிக்கும் சூடு வரை போய்வந்தாலும் மூன்று கிராம் சொச்சம்தான் வேறுபாடு! சர்க்கரையின் கதையே வேறு. 20 டிகிரியில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 200 கிராம் கரைகிறது. 100 டிகிரியில் 480 கிராமுக்கும் மேல். சர்க்கரைக் குழுவுக்குப் பொட்டலம் கட்டக் காகிதம் தீர்ந்துபோயிற்று. 100 மில்லி நீர் இருந்த பீக்கரில் பாகு 200 மில்லிக்கு மேல் ஏறி நின்றது. (அந்தச் சர்க்கரையெல்லாம் பிறகு என்ன ஆயிற்று என்று சிஸ்டர் ஒருவர் கேட்டார். ஆய்வகப் பாத்திரத்தில் இருந்ததால் ஒரு சொட்டும் குடிக்காமல் கொட்டினோம் என்பதை இங்கே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.)

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் எங்கள் மாவட்டத்தின் இரண்டு தொழில்கள் எங்களுக்கு விளங்கின. உடன்குடிப் பக்கத்தில் பனைத்தொழில் பெயர் பெற்றது. புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. பனங்கற்கண்டு செய்ய வேண்டுமானால் காய்ச்சிய பாகை நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றிப் பல நாட்கள் அசைக்காமல் வைப்பார்கள். சூட்டில் கரைந்திருந்த சர்க்கரைக்கு ஆறிய பாகில் இடமில்லை. அது மெல்ல மெல்ல நூலைப் பற்றிக்கொண்டு படிகமாக வளர்கிறது. கற்கண்டுக்கு ஆறுதல் வேண்டும். உப்பையோ ஆறவைத்து எடுக்க முடியாது. 100 கிராம் நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் மூன்று கிராமுக்குள்தான் விழும். ஆகையால்தான் உப்புக்கு வெயிலும் காற்றும் வேண்டும். நீர் போயே ஆக வேண்டும். பனங்காட்டில் அடுப்பும் உப்பளத்தில் வெயிலும் ஏன் என்று இதுவரை நாங்கள் கேட்டதே இல்லை.

1930-ஆம் ஆண்டு ராஜாஜி அவர்கள் தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்துசென்று உப்பெடுத்ததை வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். அந்த உப்பு கரையில் எப்படி வந்து கிடந்தது என்பதை வரலாற்று ஆசிரியையிடம் கேட்டால் அறிவியல் ஆசிரியையிடம் கேள் என்பார். அறிவியல் வகுப்பில் அந்தப் பக்கம் வருவதற்குள் மணி அடித்துவிடும்.

ஏன் உப்பு கரைகிறது, எண்ணெய் கரைவதில்லை என்பதையும் எங்களுக்கு விளங்கிய அளவில் சொல்கிறோம். நீர் மூலக்கூற்றின் ஆக்சிசன் பக்கத்தில் சிறிது எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் பக்கத்தில் சிறிது நேர்மின் தன்மையும் உண்டு. உப்பின் சோடியம் நேர்மின் அயனி. குளோரைடு எதிர்மின் அயனி. நீர் மூலக்கூறுகள் இவற்றை ஒவ்வொன்றாகச் சூழ்ந்து பிரித்துக்கொண்டு போகின்றன. எண்ணெயில் இத்தகைய பிடி எதுவும் இல்லை. மஞ்சளின் நிறப்பொருளும் எண்ணெயோடு சேருமே தவிர நீரில் மிகமிகக் குறைவாகவே கரையும். அம்மாமார் மஞ்சள் தூளை எண்ணெயில் போட்டு வதக்குவதைக் கேள்வியின்றிப் பார்த்திருக்கிறோம். அதில் வேதியியல் இருப்பதை அம்மாவும் அறியார், நாங்களும் அறியோம்.

"கரையாது" என்ற சொல்லுக்கு வருவோம். சுண்ணாம்புக்கல்லாகிய கால்சியம் கார்பனேட்டை "நீரில் கரையாது" என்றுதான் எழுதுகிறோம். உண்மையில் 100 கிராம் நீரில் 0.0013 கிராம் கரைகிறது. இது இல்லாதது போன்றதே என்று தோன்றும். ஆனால் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடு மழைநீரில் கலந்தால் அதே கல் பைகார்பனேட்டாக மாறி மேலும் கரைகிறது. பாறை குகையாவது இப்படித்தான். அந்த நீரைக் காய்ச்சினால் பைகார்பனேட்டு மீண்டும் கார்பனேட்டாகி வெளியே வருகிறது. விடுதியில் வெந்நீர் அண்டாவின் உட்புறம் ஓடு ஓடாகப் படிந்திருக்கும் வெள்ளைப் படிவு அதுவே. அதைச் சுரண்டும் முறை வரும்போது முகம் சுளிக்கும் விடுதித் தோழியர் இனிக் கொஞ்சம் மரியாதையோடு சுரண்டலாம்! அந்த நீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாக மிதப்பதும், கால்சியம் சோப்போடு சேர்ந்து நீரில் கரையாத பொருளாக மாறுவதால்தான்.

இது விளையாட்டுக் காரியமன்று என்பதற்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களே சாட்சி. அங்கே பல இடங்களில் பாறையிலிருந்து ஃபுளூரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் நீரை நெடுநாள் குடித்தால் பற்கள் காவியேறும். மிகுதியானால் எலும்பும் பாதிக்கப்படும். 1.5 மில்லிகிராம் என்பது சில உப்புக் கற்களின் எடைகூட இல்லை. நிறமில்லை, மணமில்லை, நீர் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். துணியில் வடிகட்டினாலும் போகாது, ஏனெனில் கரைந்தது வடிகட்டியில் தங்காது. காய்ச்சினாலும் போகாது. காய்ச்சுவது கிருமிகளைக் கொல்லும். கரைந்த உப்புகளை அகற்றாது. நீர் ஆவியாகும் அளவுக்கு அவை மிஞ்சிய நீரில் இன்னும் செறிவாகும். 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை அந்த ஊர்களுக்குக் கொண்டுபோனது இதற்காகவே. "தெளிந்த நீர் நல்ல நீர்" என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களில் பலர் அன்று வீட்டிற்குப் போய் இதைச் சொன்னபோது, பெற்றோரும் வியந்தார்கள். காய்ச்சினால் எல்லாம் சரியாகிவிடும் என்றே அவர்களும் நினைத்திருந்தார்கள்.

வாயுக்களின் வழி தனி. வெப்பம் கூடினால் அவை குறைவாகவே கரையும். பூச்சிய டிகிரி நன்னீரில் லிட்டருக்கு 14 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிசன் கரையும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம் அளவே. கோடை நண்பகலில் தொட்டி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அவை நம்மோடு பேசவில்லை, மூச்சுக்குத் தவிக்கின்றன என்று கொள்க.

இனி எங்கள் வேண்டுகோள். ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பினரை இன்பச் சுற்றுலா அழைத்துப் போகிறார்கள். மலைப்பிரதேசங்களுக்குப் போய் வந்ததற்கு நாங்கள் நன்றியுடையோம். அதோடு ஒரே ஒரு நாள், அரை நாளாவது, உப்பளத்திற்கும் அழைத்துப் போக வேண்டும். செலவு பேருந்துக் கட்டணம் மட்டுமே.

இதற்குத் தடை சொல்பவர்கள் உண்டு. எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். "தினமும் பார்க்கிற உப்பளத்தை எதற்குப் போய்ப் பார்ப்பது?" என்றார்கள். தினமும் பார்த்துத்தானே ஒருவரும் விடைத்தாளில் எழுதவில்லை? சில பெற்றோர், வயதுப் பெண்கள் வெயிலில் நின்றால் கறுத்துப்போவார்கள் என்கிறார்கள். எங்கள் தோழியின் அம்மா விடியுமுன் போய் அந்த வெயிலில்தான் நிற்கிறார். தெவிட்டிய உப்பு நீரில் நாள் முழுதும் நின்று அவர் கால்களில் வெடிப்பு. வெள்ளை உப்பின் பளபளப்பில் கண் எரிச்சல். ஐப்பசி மழை பெய்துவிட்டால் பாத்தி நீர் தெவிட்டாத கரைசலாகிவிடுகிறது, விளைந்ததும் கரைகிறது. எங்களுக்கு அது ஒரு மதிப்பெண் கேள்வி. அவர்கள் வீட்டில் தை மாதம் வரை கூலி இல்லை. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவிப்பது தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு நம் ஊர்ப் பக்கம் என்று பெருமையாகக் கட்டுரை எழுதுகிறோமே, அந்தப் பெருமை யார் காலில் நிற்கிறது என்று நாங்கள் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டாமா?

பாடம் முடியாது, தேர்வு நெருங்குகிறது என்ற ஆசிரியைகளின் கவலை நியாயமானதே, அதை மறுக்கமாட்டோம். ஆனால் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நடந்த அரையாண்டுத் தேர்வில் கரைசல்கள் பாடத்தில் எங்கள் வகுப்பில் ஒருவரும் தவறவில்லை. எங்கள் தோழி பத்துக்கு ஒன்பது வாங்கினாள். குறைந்த ஒன்று, வரையறையில் "குறிப்பிட்ட வெப்பநிலையில்" என்பதை விட்டதற்காக! வகுப்பில் எல்லோருக்கும் அதை எச்சரித்தவளே அவள்தான்.

தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களிடம் இந்த வேண்டுகோளை எழுதிக் கொடுத்திருக்கிறோம். பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். பொதுத் தேர்வு வந்துவிட்டதால் எங்களுக்கு இனி வாய்ப்பில்லை. அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு வரும் தங்கையருக்காகவே கேட்கிறோம். மழைக்காலத்தில் அளத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இராது. ஆகவே புரட்டாசிக்குள் போவது நல்லது. பாத்தி வரப்பு வழுக்கும் என்றும், பிள்ளைகள் வெள்ளைக் காலுறை அணிந்து வர வேண்டாம் என்றும் எங்கள் தோழியின் அம்மா இப்போதே சொல்லியனுப்பியிருக்கிறார்.